இரண்டணாச் சந்தாவும் கசந்துபோன என் நாக்கும்

மருந்து கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் எத்தனை பேர் கொயினா மாத்திரையை நக்கிப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன். நான் ஒரே பிற்பகலில் இருநூற்றுக்கு மேல் நக்கியவன். அதற்குப் பிறகு நான்கு நாட்களுக்கு அல்வாகூட எனக்குக் கசந்தது. அந்தப் பிற்பகலையும், அதைத் தொடர்ந்து நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எண்ணவும் மிக்சர் கலக்கவும் வேறு யாராவது உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

யுத்த காலம். மதுரையில் ஒரு நூல் மில்லின் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மொத்த மில்லும்.

அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் மாதம் இரண்டணா வைத்தியச் சந்தா பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக அவருக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன நோய் வந்தாலும் மருந்துக்குக் காசு கேட்பதில்லை. இன்று இன்ஷூரன்ஸ் என்கிறீர்களே, அதேதான், வேட்டி கட்டிய இன்ஷூரன்ஸ். அருமையான ஏற்பாடு. ஆனால் சம்பளம் கைக்கு வருமுன்பே சந்தா பிடிக்கப்பட்டுவிடுவதால், அப்படி ஒன்று போகிறது என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. மருந்து மழை மாதிரி மேலேயிருந்து வருகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். கொடுக்கிற நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆரஞ்சு வாசனை வீசும் டானிக் ஒன்று இருந்தது. அதை வாங்க ஒத்தக்கடையிலிருந்து ஒருவர் வாராவாரம் நடந்தே வருவார். எங்கள் மில்லில் வேலை பார்க்கும் மச்சானுக்காக வாங்கிப் போவதாகச் சொல்வார். போகவும் வரவும் பத்து மைல் நடக்கிற மனிதருக்கு டானிக் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் சந்தோஷமாக ஊற்றிக் கொடுப்பேன்.

கொயினாவிலும் அப்படித்தான். மழைக்குப் பிறகு மலேரியாக் காய்ச்சல் வரும் என்பதால், முன்கூட்டியே வாரம் ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். “வீட்டுல எத்தனை பேர்?” என்று கேட்பேன். ஏழு என்பார்கள். பதினான்கு மாத்திரையை எண்ணிக் கையில் போடுவேன். ஒருவரையாவது என் கண்முன்னே விழுங்கச் சொன்னேனா? இல்லை. கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுப்பதுதான் தாராள மனசு என்று இருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

அந்த வருஷம் ஜாவா தீவு ஜப்பான்காரன் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த கொயினா நின்றது. ஐப்பசி மழை மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலையில் நூற்புப் பிரிவு வீரணனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பது வயது, கட்டுமஸ்தான ஆள். மூன்று நாளாகக் காய்ச்சல். என்னைப் பார்த்ததும் படுத்தபடியே கும்பிட்டு, “கலெக்டரய்யா, என் ஆட்டை விட்டுறச் சொல்லுங்க, அது ஒண்ணும் அறியாதது” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

“இன்று மாலைக்குள் கொயினா உள்ளே போயாக வேண்டும். இல்லையென்றால் தலைக்கு ஏறிவிடும்” என்றார் அவர். ஏற்கெனவே மற்ற மூன்று கட்டில்களிலும் காய்ச்சல்காரர்கள்தான். நான் ஜாடியைக் கவிழ்த்தேன். மூன்று மாத்திரைகள் விழுந்தன. ஊர் முழுக்கத் தட்டுப்பாடு. டாக்டர் தெரிந்த இடத்துக்கெல்லாம் சீட்டெழுதி ஆள் அனுப்பினார். எல்லோரும் நாளை மறுநாள் பார்க்கலாம் என்று பதில் அனுப்பினார்கள்.

வீரணனின் அக்காள் பேச்சியம்மாள் ஜன்னலில் நின்றாள். ஆனையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், மில்லில் நூல்கண்டு சுற்றுகிற வேலை. அவள் பேசினால் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்பார்கள்.

“கொயினா இல்லையா? இல்லைன்னா எப்படிங்கய்யா? லயன் வீடு பூரா அதுதான கெடக்கு!”

“எங்கே கிடக்கு?”

“எங்க வீட்டுலயே ஒரு டப்பா நெறைய இருக்கு. கசக்குதுன்னு இவன் என்னைக்குத் தின்னான்? நீங்க குடுக்கக் குடுக்க டப்பாவுலதான் போட்டு வச்சான்.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “ஓடு, எடுத்துட்டு வா” என்றேன். ஓடினாள். திரும்பி வந்தவளின் டப்பாவில், கூரை ஒழுகியதால் மாத்திரையெல்லாம் கரைந்து, கறுப்புப் பூசணம் பூத்த கூழாகக் கிடந்தது. பிறகு அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள்.

“சரி, எங்க வீட்டுதுதான் போச்சு. ஊருல மத்த கூரையெல்லாமா ஒழுகுது? வாங்கய்யா.”

மதியச் சங்கு ஊதி ஷிப்டு மாறுகிற நேரம். பேச்சியம்மாள் மில் வாசலில் கிடந்த பஞ்சுப் பொதி மேல் ஏறி நின்றாள். “எவ வீட்டுல கொயினா கெடக்கோ, அம்புட்டையும் கொண்டாங்கடி! யாரும் வைய மாட்டாக. கம்பவுண்டரய்யாவே கேட்டு வந்திருக்காக. என் தம்பி சாகக் கெடக்கான்!”

அடுத்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளின் வாசல்களிலிருந்து கொயினா புறப்பட்டு வந்தது. நான் பனையோலைக் கொட்டானை நீட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன், பிச்சைக்குப் போகிறவன் மாதிரி. ஒரு வீட்டில் அரிசிக்குள் வண்டு வராமல் இருக்கப் பானையின் அடியில் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் சாமி படத்தின் முன் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க உரசிப் பூசுகிறாளாம். “இதைவிடக் கசப்பு ஊருல இல்லைங்கய்யா” என்று எனக்கு நற்சாட்சிப் பத்திரமே கொடுத்தாள். ஒருவர் தன் மாட்டுக்குப் போட்டாராம். மாடு துப்பிவிட்டதாம். அந்த மாட்டின் புத்தியை நான் மனதாரப் பாராட்டினேன்.

கடைசி வீட்டில் இரண்டு பெண்கள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். குழி நிறையக் கொயினா.

“குடுங்கடி!” என்றாள் பேச்சியம்மாள்.

“இரு மதினி, நான் ஜெயிக்கப் போறேன்” என்றாள் ஒருத்தி.

பறித்திருக்கலாம். பறித்திருந்தால் மறுநாள் முதல் அந்த லயனில் எனக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நான் உட்கார்ந்து, ஒவ்வொரு குழியிலும் இருந்ததை எண்ணி எடுத்து, அதே அளவு புளியங்கொட்டையைப் போட்டு வைத்தேன். “ஆட்டம் கலையலை. உங்க முறைதான், ஆடுங்க” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தன் மடியில் ஒளித்து வைத்திருந்த ஆறு மாத்திரைகளையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரி மேஜையில் கொட்டியபோதுதான் புதிய சிக்கல் தெரிந்தது. வந்ததெல்லாம் கொயினா அல்ல. சோடா மாத்திரை, தலைவலி மாத்திரை என்று நான் கொடுத்ததெல்லாம் கலந்திருந்தது. எல்லாம் வெள்ளை, எல்லாம் மாவு படிந்தவை. அன்று வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்ட டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நாக்கை நீட்டினேன்.

ஒவ்வொன்றாக நக்கினேன். உப்பு, சோடா. புளிப்பு, தலைவலி. கசப்பு, கொயினா. இருபது தாண்டியதும் எல்லாமே கசந்தது. வாசலில் சர்பத் கடை வைத்திருந்த காதர் பாய் நன்னாரி சர்பத்தைச் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து, “நாக்கைக் கழுவிட்டு நக்குங்க தம்பி, அல்லா காப்பாத்துவான்” என்று ஊற்றினார். பேச்சியம்மாளும் ஒரு கை பார்த்தாள். அவள் முகம் போன கோணலைக் கண்டு, காய்ச்சலில் கிடந்த பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்.

ஏழு மாத்திரைகள் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தன. அவையும் கசந்தன. “கசக்குதே சார், சேர்த்துடலாம்” என்றேன். அப்போது எங்களுக்கு ஒவ்வொரு மாத்திரையும் தங்கம். டாக்டர் அவற்றை எடுத்து ஜன்னல் வழியே சாக்கடையில் எறிந்தார். “எட்டிக்கொட்டை மாத்திரையும் கசக்கும் அப்பா. அது உள்ளே போனால் இழுத்து இழுத்துச் சாவான். வடிவமும் சரியாக இருக்க வேண்டும், கசப்பும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்” என்றார். அவசரத்தில் எதைச் சேர்ப்பது என்று எல்லோருக்கும் தெரியும். எதை எறிவது என்று தெரிந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

மிச்சத்தைப் பொடித்துக் கரைத்து வடிகட்டினோம். நான்கு கட்டிலுக்கும் போதுமானதாக வந்தது. மூன்றாம் நாள் காலை வீரணன் கண்ணைத் திறந்து, “அக்கா, ரசஞ்சோறு” என்றான். பேச்சியம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அதே கையோடு ஓர் அறை விட்டாள். “இனிமே குடுத்த மாத்திரையத் திங்காம டப்பாவுல போட்டுப் பாரு!”

இதுவரை கேட்டதில் நான் ஓரளவு கெட்டிக்காரனாகத் தெரிந்திருப்பேன். இனிமேல்தான் முட்டாள்தனம்.

விலை தெரியாததால்தானே வாங்கி வாங்கிப் போட்டு வைத்தார்கள்? விலையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடமும் கேட்கவில்லை. மறுவாரம் முதல் ஜன்னலில் ஒவ்வொரு மருந்தோடும் அதன் விலையைக் கூவிக் கொடுக்க ஆரம்பித்தேன். “இருமல் மிக்சர், காலணா! டானிக், ஆறணா!”

டானிக் கேட்பது குறையும் என்று எதிர்பார்த்தேன். முதல் வாரமே இரட்டிப்பானது. இத்தனை நாளும் இனிப்புத் தண்ணீர் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஆறணாச் சரக்கு என்று நானே விளம்பரம் செய்திருந்தேன். ஜன்னலருகே பெருமைச் சண்டைகள் வேறு. “எனக்கு ஆறணா மருந்து, ஒனக்கு?” என்று ஒருவர் கேட்க, காலணா மிக்சர் வாங்கியவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். ஒரு மேஸ்திரி என் காதில் வந்து ரகசியம் சொன்னார்: “அண்ணே, வீட்டுக்கு மாமனார் வந்திருக்காரு. அவரு முன்னாடி காலணா மருந்தக் குடிக்க முடியாது. எட்டணாவுக்குக் கொறையாம எதையாச்சும் போட்டுக் குடுங்க.”

“உங்களுக்கு என்ன செய்யுது?”

“எட்டணாவுக்கு எது செய்யுமோ அது செய்யுது.”

சிரித்துச் சிரித்து எனக்கு அளவுக் குப்பி கையிலிருந்து விழுந்து உடைந்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். பாய்லரில் கரி தள்ளுகிற சோணை இரண்டு வாரமாக வரவில்லை. வாடிப்பட்டிக்காரர், இழுப்பு நோயாளி. வாரம் தவறாமல் மாத்திரை வாங்குகிறவர்.

அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து, தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்க மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மாத்திரையைக் கையில் வைத்தேன். வாங்கவில்லை.

“எட்டணான்னு சத்தமாச் சொன்னீகளே தம்பி” என்றார், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி. “நான் மாசம் குடுக்கறது ரெண்டணா. வாரம் எட்டணாவுக்குத் திங்கறேன்னு இத்தனை நாளாத் தெரியாது. அடுத்தவன் காசுல மூச்சு விடறது... கூச்சமா இருக்கு.”

கூச்சப்பட வேண்டியவர்கள் எல்லாம் பெருமைப்பட்டார்கள். ஒரு கூச்சமும் தேவைப்படாத மனிதர் மூச்சையே விட்டுக்கொடுக்க இருந்தார். நான் விலையைக் கூவியது யாருக்குக் கேட்டது பார்த்தீர்களா?

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “அண்ணே, மில்லுல சேர்ந்து எத்தனை வருசமாச்சு?”

“பன்னெண்டு.”

“இழுப்பு வந்து?”

“ரெண்டு.”

“அப்ப முன்னாடி பத்து வருசம் உங்க ரெண்டணாவுல யாரு மருந்து சாப்பிட்டா?”

யோசித்தார். “யாரு?”

“காய்ச்சல்ல கெடந்தவன், கை நசுங்கினவன், பிள்ளை பெத்தவ, அம்புட்டுப் பேரும். நீங்க யாரையாச்சும் கேள்வி கேட்டீங்களா?”

“எனக்குத் தெரியவே தெரியாதே!”

“அவங்களுக்கும் தெரியாது. இப்ப உங்க முறை. முழுங்குங்க.”

அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். பிறகு, “அப்ப நான் பெரிய தர்மவான்தான்னு சொல்லு” என்று இழுப்போடு சிரித்து, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றோடு ஜன்னலில் விலை சொல்வதை நிறுத்தினேன். நோயாளியின் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்ன செய்கிறது? விலையைச் சொல்ல வேண்டிய இடம் வேறு. மொத்தப் பேருடைய காசு என்றால் மொத்தப் பேருக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். “எழுதி வாசலில் ஒட்டு. பெயர் எதுவும் வேண்டாம். என்ன மருந்து, எவ்வளவு போனது, என்ன விலை. அதுமட்டும்” என்றார்.

சம்பள நாளன்று ஒட்டினேன். உடம்பு தேறியிருந்த வீரணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். உரக்கப் படித்தான். டானிக்குக்குப் போன மொத்தத் தொகையைக் கேட்டதும் கூட்டம் ‘ஆ’ என்றது. “இம்புட்டா? நம்ம காசா?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு வந்த வீரணன் ஒரு கணம் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தான்.

“மேனேஜர் வீட்டு நாய் டைகருக்குப் பூச்சி மருந்து, இரண்டு பாட்டில்.”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று எழுதவில்லை. போன மருந்தையெல்லாம் எழுதச் சொன்னார் டாக்டர், எழுதினேன்; பெயர் வேண்டாம் என்றது நாய்க்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. மேனேஜர் பங்களாவிலிருந்து சீட்டு வரும், கொடுத்துவிடுவேன், அது சந்தாக் காசில்தான் போகும். இவ்வளவு காலமும் என் கண்ணில் அது உறுத்தவே இல்லை. மில் வாசல் முழுதும் வெடித்துச் சிரித்தது. சோணைக்குச் சிரித்தே இழுப்பு வந்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அறையில் நின்றேன். அவர் எங்களிடம் தமிழ் பேசினாலும் கோட்டு போட்ட தமிழாக இருக்கும். “அந்த வரியை நீ அழிக்க வேண்டும். அது தவறுதலாக எழுதப்பட்டது என்று அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் நீ வர வேண்டியதில்லை.”

எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “அழிச்சுடறேன் சார்” என்று வாயில் வந்துவிட்டது. ஆனால் ஒரு வரியைப் பொய் என்று நான் சொன்னால், நாளைக்கு ஜன்னலில் ‘இதைச் சாப்பிடு, பிழைப்பாய்’ என்று நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

“அழிக்கலாம் சார். தவறுன்னு மட்டும் சொல்ல முடியாது. மருந்து போனது நெசந்தானே” என்றேன்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. பேச்சியம்மாள், பின்னால் பத்துப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வீரணன்.

“கும்பிடுறேன்யா. சண்டைக்கு வரல. வாயில்லாச் சீவன், அதுக்கும் பூச்சி வந்தாக் கஷ்டந்தான். டைகரச் சேத்துக்கிறதுல எங்களுக்கு ஆட்சேபனை இல்ல. ரெண்டணாச் சந்தாவக் கட்டச் சொல்லுங்க.” கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்: “அதுக்கு இங்க சம்பளம் எம்புட்டுங்கய்யா?”

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். மேனேஜரின் மீசை துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. பையிலிருந்து இரண்டணாவை எடுத்து மேஜையில் வைத்தார்.

“எழுதிக்கொள். டைகர். காவல் பிரிவு.”

நான் பேனாவை எடுத்தேன். பேச்சியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“பொறுங்கய்யா. தம்பி, அந்தச் செவத்துல மாட்டியிருக்கிற விதியப் படிடா.”

வீரணன் படித்தான். “சேரும்போதே நோயுற்றிருப்பவருக்கு முதல் மூன்று மாதங்களுக்கு மருந்து கிடையாது.” கீழே மேனேஜரின் கையெழுத்து, வளைவு நெளிவோடு.

மேனேஜர் தன் கையெழுத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சரி. இந்த மூன்று மாதத்துக்கும் நானே வாங்கிக்கொள்கிறேன். ஒரு பாட்டில் என்ன விலை?”

சொன்னேன்.

கோட்டுத் தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை. “என்னய்யா சொல்றே,” என்றார், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, “ஒரு பாட்டிலுக்கு இம்புட்டா?”